துடைத்த பலகை

பணியில் இருந்த காலத்தில் ஒரு மாணவி என்னிடம் கேட்டாள்: "சார், தப்பா எழுதிட்டா முழுசா அடிச்சிடணுமா, இல்ல ஒரு கோடு போட்டா போதுமா?"

ஒரு கோடு போதும் என்றேன். என்ன தப்பு செய்தோம் என்று அடியில் தெரிய வேண்டும். தெரிந்தால்தான் அடுத்த முறை கை அந்தப் பக்கம் போகாது. முப்பத்து மூன்று வருடம் இதையே சொன்னேன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளைய என் தங்கைக்கும் அப்படித்தான் பழக்கினேன்.

கீழே இருப்பவை அவளும் நானும் இந்த வருடம் மார்ச்சிலிருந்து எழுதிக்கொண்ட கடிதங்கள். அவள் கடல் தாண்டி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். போனில் "நல்லாயிருக்கோம்" என்பதைத் தாண்டி எதுவும் பேச வராத குடும்பம் எங்களுடையது. அவள் அழுவாள், நான் வாத்தியார் குரலுக்குப் போய்விடுவேன், அம்மாவுக்குப் போனில் காது சரியாகக் கேட்காது. ஆகவே கடிதம். இவற்றை அச்சில் போடச் சொன்னது அவள். நான் ஒரு சொல்லையும் மாற்றவில்லை.

மார்ச் 4

அன்புள்ள கடுகுக்கு,

அண்ணன் எழுதுவது. உன் முதுகுப் பிடிப்பு விட்டதா, குளிர் குறைந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்.

அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்து ஆறு நாள் ஆகிறது. போனில் "கொஞ்சம் காமாலை" என்றேன். கொஞ்சம் இல்லை. இரண்டு நாள் வாந்தி, சாப்பாடு இறங்கவில்லை. அஜீரணம் என்று நினைத்தேன். மூன்றாம் நாள் காலையில் என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஜன்னலைத் திறந்தால், கண் வெள்ளை முழுக்க யாரோ மஞ்சள் பென்சிலால் தீட்டிவிட்டது போல இருந்தது. தலையணை உறையும் மஞ்சள்.

லிவர் திடீரென்று கெட்டுவிட்டது, கூடவே கிட்னியும் நின்றுவிட்டது என்கிறார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். சமையலறைத் தொட்டியும் அடைத்துக்கொண்டு, குளியலறைச் சாக்கடையும் அடைத்துக்கொண்டால் அழுக்குத் தண்ணீர் எங்கே போகும்? வீட்டுக்குள்தானே. அம்மாவின் காலும் வயிறும் அப்படித்தான் வீங்கியிருக்கின்றன. விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அப்படியே நிற்கிறது.

உன்னிடம் மறைப்பானேன். அவள் மூச்சில் ஒரு நாற்றம். ஈரத்துணியை வாளியில் மூடி வைத்து மறந்துபோனால் வருமே, அதில் கொஞ்சம் இனிப்பைக் கலந்தது போல. என் முகத்துக்கு நேராக அவள் ஏதோ சொல்ல வந்தாள். நான் எழுந்து வராந்தாவுக்கு ஓடி, குப்பைத் தொட்டியில் வாந்தி எடுத்தேன். பெற்றவள் மூச்சுப் பட்டதற்கு.

தெளிவு வரும்போது அவள் அவளாகவே இருக்கிறாள். நர்ஸ் அவளைப் புரட்டிப் போட்டு முதுகைத் துடைத்தபோது, "பின்பக்கத் தையலும் பாத்துட்டியாம்மா? பீஸ் பாஸா?" என்று கேட்டாள். முப்பது வருடம் கார்மென்ட் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் செக்கிங் செய்த வாய்.

வீட்டில் என்னென்ன மாத்திரை போட்டார்கள் என்று டாக்டர் கேட்டார். முட்டி வலிக்கு நீ அனுப்பிய பாட்டிலைக் கொடுத்தேன். லேபிளைப் படித்துவிட்டு, "இதையா?" என்று கேட்டு, தன் டிராயரில் வைத்துக்கொண்டார்.

வேறு எழுத நேரமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

மார்ச் 15

அண்ணாவுக்கு,

நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பிடு. நீயும் விழுந்தால் அங்கே தூக்க ஆள் இல்லை.

உன் கடிதத்தின் கடைசிப் பகுதியை பஸ்ஸில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை.

அந்தப் பாட்டிலை எங்கள் இல்லத்துக்குப் பக்கத்துக் கடையில்தான் வாங்கினேன். இங்கே எல்லோரும் மிட்டாய் மாதிரி வாங்கிப் போடுகிறார்கள். எங்கள் நர்ஸிடம் கேட்டேன். காய்ச்சல் மாத்திரையில் இருக்கும் அதே மருந்து இதிலும் இருக்கிறதாம். கூடவே இன்னொரு வலி மருந்து. அளவு மிஞ்சினால் ஒன்று லிவரைத் தின்னும், மற்றது கிட்னியைத் தின்னும் என்றாள். வயசானவர்களுக்குச் சீக்கிரமாம்.

அண்ணா, பாட்டிலைச் சுற்றி ஒரு சீட்டு வைத்து ரப்பர் பேண்ட் போட்டேன். தாங்க முடியாத நாளில் மட்டும் போடணும், வேறு வலி மாத்திரையோ காய்ச்சல் மாத்திரையோ எடுத்தால் இதைத் தொடவே கூடாது, டாக்டரைக் கேள் என்று எழுதினேன். எழுதியதாகத்தான் ஞாபகம். பெட்டி கட்டிய அன்று எனக்கு இரண்டு ஷிப்ட். எழுதினேனா, எழுத வேண்டும் என்று நினைத்ததோடு சரியா? யோசிக்க யோசிக்கக் குழம்புகிறது. அப்படி ஒரு சீட்டு வந்ததா? அம்மா ஒரு நாளைக்கு எத்தனை போட்டாள்? உள்ளபடி எழுது.

குமட்டலுக்கு வெட்கப்படாதே. பதினொரு வருடமாக அடுத்தவர் அம்மாக்களைக் கழுவுகிறேன், எனக்கு இன்னும் குமட்டும். வாயால் மூச்சு விடு. மூக்கடியில் தைலம் தடவாதே. அப்புறம் தைலத்தைக் கண்டாலே குமட்டும். பேசிக்கொண்டே செய். முகத்தைப் பார்த்துக்கொண்டு துடை என்று யாராவது சொல்லித்தருவார்கள், நம்பாதே. துடைக்கும் இடத்தைப் பார்த்துத்தான் துடைக்க வேண்டும். முடித்த பிறகு முகத்தைப் பார். அதை மட்டும் விடாதே.

கடுகு

மார்ச் 27

அன்புள்ள கடுகுக்கு,

உன் கடிதம் வந்தது. நான் சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

அம்மாவுக்கு நாலு முறை டயாலிசிஸ் ஆயிற்று. கழுத்தில் குழாய். சிறுநீர் ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் வருகிறது. டீ டிகாஷன் நிறம். அந்தப் பை கட்டிலின் ஓரத்தில் தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் சரியாக அதன் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பிஸ்கட் தின்கிறார்கள். நேற்று அப்பாவின் கூட்டாளி வந்திருந்தார். "எங்க மச்சானுக்கு இதே கேஸ்தான், ஒம்போது நாள்ல முடிஞ்சிருச்சு" என்று அம்மாவுக்குக் கேட்கும்படி சொல்லிவிட்டு, விரலில் ஒட்டிய க்ரீமை நக்கினார். அம்மாவுக்குக் காது அன்றைக்குப் பார்த்து நன்றாகக் கேட்டது. "உங்க மச்சானுக்குச் சோம்பேறித்தனம்" என்றாள்.

இந்த வார்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். கழிப்பறையைத் துடைத்த மாப்பையே கட்டிலுக்கு அடியிலும் விடுகிறார்கள். தண்ணீர் ஒரே வாளி. நான் போய், "ஏம்மா, கரும்பலகையைத் துடைச்ச துணியால யாராவது சாப்பாட்டுத் தட்டைத் துடைப்பாங்களா?" என்று கேட்டேன். அந்த அம்மாள், "சார் நீங்க வாத்தியாரா?" என்று கேட்டுவிட்டு, துடைத்துக்கொண்டே போய்விட்டாள்.

லிவர் டாக்டர் கிட்னி டாக்டரைக் கேட்கச் சொல்கிறார். கிட்னி டாக்டர் லிவர் டாக்டரைக் கேட்கச் சொல்கிறார். இரண்டு பேரும் ஒரே லிஃப்டில்தான் வந்து இறங்குகிறார்கள். மொத்தத்தில் விளங்கியது இவ்வளவு: லிவர் பாதிக்கு மேல் திரும்பாது, மாற்று வைக்கும் வயதும் இல்லை. உயிர் இருக்கும்வரை பார்த்துக்கொள்ளலாம்.

அம்மா உன்னைக் கேட்கிறாள். "கடுகு எப்ப வர்றா?" என்று காலையில் ஒரு முறை, விளக்குப் போட்டதும் ஒரு முறை.

அண்ணன்

ஏப்ரல் 9

அண்ணாவுக்கு,

அம்மா கழுத்துக் குழாயைச் சுற்றி ஈரம் படாமல் பார்த்துக்கொள். உனக்குத் தூக்கம் வருகிறதா?

நீ எல்லாவற்றையும் எழுதினாய். மாப்பைப் பற்றிக்கூட எழுதினாய். சீட்டைப் பற்றி எழுதவில்லை.

வரவில்லை போலிருக்கிறது. என்னைக் குத்திக்காட்ட வேண்டாம் என்று விட்டிருக்கிறாய். புரிகிறது.

இங்கே நான் இப்போது மாத்திரை கொடுக்கும் வேலை பார்ப்பதில்லை. மூன்றாம் அறைப் பெரியம்மா கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னால் அந்தக் கையில் மாத்திரையை வைக்க முடியவில்லை. எண்ணினேன், திரும்ப எண்ணினேன், லேபிளைப் படித்தேன், திரும்ப எண்ணினேன். அவர் சிரித்துக்கொண்டே, "விஷம் வைக்கப்போறியாடி?" என்று அவர் பாஷையில் கேட்டார். மேற்பார்வையாளரிடம் போய் நானே கேட்டு லாண்டரிக்கு மாறிக்கொண்டேன். முப்பது பேர் நனைத்த விரிப்புகள் காலையில் மூட்டையாக வருகின்றன. அவிழ்த்ததும் கண் எரியும். அதுவே எனக்குச் சரி என்று தோன்றுகிறது.

அம்மா கேட்டால், லீவு கிடைக்கவில்லை என்று சொல். கிடைத்துவிட்டது. ஆனால் அவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? என் கையால் அனுப்பினதைத் தின்று இப்படிக் கிடக்கிறாள். "வாம்மா" என்று அவள் சொன்னால் நான் செத்துப்போவேன்.

கடுகு

ஏப்ரல் 30

அன்புள்ள கடுகுக்கு,

தாமதத்துக்கு மன்னிப்பாய். நீ நலமாக இருக்க வேண்டும். லாண்டரியில் கையுறை இல்லாமல் வேலை செய்யாதே.

அம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்து பத்து நாள் ஆகிறது. நடு அறையில் கட்டில். வாரம் இரண்டு முறை வண்டி வைத்து டயாலிசிஸுக்குப் போய் வருகிறோம்.

இப்போது கழுவுவது நான்தான். அறுபது வயது மகன், எழுபத்தெட்டு வயது அம்மா. முதல் நாள் போர்வையைத் தூக்கிவிட்டு அப்படியே நின்றேன். லிவர்காரர்களுக்கு ஒரு பாகு மருந்து கொடுப்பார்களே, வயிறு நாலைந்து முறை போவதற்கு, அது வேலை செய்திருந்தது. முதுகு வரை. நீ சொன்னபடி வாயால் மூச்சு விட்டேன். வாயிலும் ருசி தெரிந்தது. பேசிக்கொண்டே செய் என்றாயே, என்ன பேசுவது? ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பற்றி ஆரம்பித்தேன். அம்மா, "பாடம் எடுக்காம தொடைடா, காயுது" என்றாள்.

கை கழுவுகிறேன். சோப்பு கரைகிறது, நாற்றம் கரையவில்லை. ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனால் விரலில் அது இருக்கிறது. மூன்று நாளாக ஸ்பூனால் ரொட்டி தின்கிறேன்.

இதையெல்லாம் விட ஒன்று தாங்க முடியவில்லை. மாடி வீட்டு அக்கா தினமும் இறங்கி வந்து வாசலில் நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தக் காலத்துல இப்படி ஒரு பிள்ளையா! சாரைப் பாத்துக் கத்துக்கணும்" என்று தன் மருமகனிடம் சொல்கிறார். எனக்கு அவரை வாளியோடு சேர்த்து வெளியே கொட்டிவிடலாம் போலிருக்கிறது.

லீவு கிடைக்கவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். வருவதும் வராததும் உன் விருப்பம். நான் எதுவும் சொல்வதற்கில்லை.

அண்ணன்

மே 12

அண்ணாவுக்கு,

நலமாயிருப்பாய் என்று நினைக்கிறேன்.

"நான் எதுவும் சொல்வதற்கில்லை." சரி.

அம்மாவுக்குப் பேச வருகிற நாளில் அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஒரு கடிதம் எழுதுவாயா? அவள் சொன்னபடியே. திட்டினாலும் அப்படியே. திட்டட்டும்.

கடுகு

மே 25

கடுகு,

நான் அம்மா. நான் சொல்றேன், வாத்தி எழுதுறான். நல்லாயிருக்கியா? இவன் நல்லாயிருக்கேன்னு எழுதச் சொல்றான். எழுதிக்கோடா, உன் பேனா.

நான் இப்ப ரிஜெக்ட் கூடையில கெடக்கேன். ரிஜெக்ட்டுலயும் ரெண்டு தினுசு உண்டு. ஒண்ணு, பிரிச்சுத் தைச்சு வெளிய அனுப்பலாம். இன்னொண்ணு, கிழிச்சு மெஷின் தொடைக்கலாம். நான் எதுன்னு டாக்டருங்களுக்குள்ள இன்னும் பேசி முடியல.

உடம்பெல்லாம் அரிக்குது. மஞ்சள் உள்ள ஓடுதாம், அதான். உங்கண்ணன் பழைய ஸ்கேலை எடுத்து முதுகைச் சொறியுறான். எத்தனை புள்ளைங்களை அடிச்ச ஸ்கேலோ. நல்லாத்தான் இருக்கு.

நீ வரலைன்னு எனக்குக் கோவம் இல்ல. லீவு இல்லைன்னு இவன் சொல்றான். இவனுக்குப் பொய் சொல்ல வராது, காது செவக்கும்.

█████████████████████████
█████████████████████████

சரி, கை வலிக்குதாம் இவனுக்கு. ஒரு வாட்டி வந்துட்டுப் போ. வரும்போது ஒண்ணும் வாங்கிட்டு வராத.

அம்மா

ஜூன் 5

அண்ணா,

நலம் கேட்க நேரமில்லை.

அம்மாவின் கடிதத்தில் இரண்டு வரியைக் கறுப்பாக அடித்திருக்கிறாய். எனக்கு ஏழு வயதில் நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது: "கிறுக்கி அடிக்காத. ஒரு கோடு போடு. என்ன தப்புன்னு நான் பாக்கணும்." உன் கடிதங்கள் எல்லாம் ஒரு பெட்டியில் இருக்கின்றன. எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடித்தல் ஒரே கோடுதான். இந்த ஒரு இடத்தில்தான் நீ தார் பூசியிருக்கிறாய்.

தாளைத் திருப்பி லாண்டரி ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். அழுத்தி எழுதுகிறவன் நீ. பின்பக்கம் ஒரு சொல் மேடு தட்டியிருக்கிறது. "பலகை."

எந்தப் பலகை? ஜனவரியில் எழுதினாயே, பள்ளியில் உனக்குக் கொடுத்தனுப்பிய சின்னக் கரும்பலகையைச் சமையலறைக் கதவில் மாட்டி, அம்மாவின் மருந்துக்குப் பீரியட் பீரியடாக அட்டவணை போட்டிருப்பதாக. அதுவா?

அம்மா என்ன சொன்னாள்?

கடுகு

ஜூன் 16, கூரியரில்

கடுகு,

அம்மா சொன்னது இது: "அந்த மருந்துப் பலகையை எதுக்குடா தொடைச்ச? நான் போட்ட டிக்கெல்லாம் எங்க? கடுகுகிட்ட அதைச் சொன்னியா?"

சொல்கிறேன்.

முன்பு பார்த்த டாக்டர் முட்டி வலிக்குக் காய்ச்சல் மாத்திரைதான் எழுதிக் கொடுத்திருந்தார். "வலி இருந்தால் மட்டும்" என்று அவர் மருந்துச் சீட்டில் இருந்தது. அட்டவணையில் கட்டம் சின்னது. அந்த மூன்று சொல்லுக்கு இடமில்லை. விட்டுவிட்டேன். காலை, பகல், மாலை, இரவு என்று நாலு கட்டத்திலும் எழுதினேன், அழகாக இருந்தது. உன் பாட்டில் வந்ததும் இன்னும் இரண்டு கட்டம் போட்டேன். காலையில் இரண்டு, மாலையில் இரண்டு. ஆக, ஒரு நாளைக்கு எட்டு மாத்திரை. எட்டிலும் அதே காய்ச்சல் மருந்து. இரண்டு அட்டையையும் திருப்பி, சின்ன எழுத்தைப் படித்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும். பரீட்சை அறையில் வினாத்தாளை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள் என்று கத்தியவன் நான்.

அம்மா தன் நீலச் சாக்கால், துணியில் குறி போடுவாளே அதால், ஒவ்வொரு கட்டத்திலும் டிக் போட்டாள். "வாத்தி போட்ட டைம்டேபிள், தப்பினா முட்டி போட வைப்பான், எனக்கு முட்டியே இல்ல" என்பாள். வலி இல்லாத நாளிலும் போட்டாள். வாந்தி எடுத்து, ஒன்றும் சாப்பிடாமல் கிடந்த இரண்டு நாளும் போட்டாள். நான்தான் டம்ளரில் தண்ணீர் கொண்டுபோனேன். என்னை அப்பா பெயர் சொல்லிக் கூப்பிட்ட அன்று காலையிலும் டிக் இருந்தது. கோணலாக, கட்டத்துக்கு வெளியே.

ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். இருபத்து நாலு நாளின் நீல டிக். ஈரத்துணி எடுத்துத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன். டாக்டர் எல்லா மருந்தையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார். உன் பாட்டிலை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். மீதியை மூன்றாம் நாள்தான் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருந்தா மருந்தை முறிக்க ஊசி இன்னும் சீக்கிரம் போட்டிருப்போமே சார்" என்றார். திட்டவில்லை. எழுதிக்கொண்டார்.

சீட்டு வந்தது. "வாத்தியார் ஐயாவுக்கு வணக்கம்" என்று நீ விளையாட்டாக ஆரம்பித்திருந்தாய். ஊர்க்கதை, சாவகாசமாகப் படிக்கலாம் என்று டைரிக்குள் வைத்தேன். பலகையைத் துடைத்த அன்றுதான் படித்தேன். நீ எழுதினாய் கடுகு. தெளிவாக, அடிக்கோடு போட்டு எழுதினாய். இத்துடன் வைத்திருக்கிறேன்.

நீ எழுதினாயா இல்லையா என்று உனக்கே சந்தேகம் வந்ததைப் படித்தேன். நீ லாண்டரிக்குப் போனதைப் படித்தேன். படித்துவிட்டு மாப்பைப் பற்றி எழுதினேன். மாடி வீட்டு அக்கா என்னைப் புகழும்போது எனக்குள் நாறுவது எது என்று எனக்குத் தெரியும். அம்மாவின் படுக்கை கழுவினால் போகிறது.

அம்மா இன்னும் காலையிலும் மாலையிலும் கேட்கிறாள். உன் முகத்தில் விழிக்க முடியாதவன் நான்தான். நீ வா.

அண்ணன்

ஜூன் 22, கூரியரில்

சீட்டு வந்தது. என் எழுத்துதான்.

எனக்குக் கோபம் முதலில் வரவில்லை. குமட்டியது. பதினொரு வருடத்தில் எந்தப் படுக்கையிலும் வராத குமட்டல். வேலையிடத்துத் தொட்டியில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு நின்றேன்.

29ஆம் தேதி வருகிறேன். அம்மாவைப் பார்க்க. என்னை அழைத்துவர வராதே. நான் அம்மா அறையில் இருக்கும்போது நீ உள்ளே வராதே, நான் கூப்பிடும் வரை.

ஜூலை 30

அண்ணாவுக்கு,

வந்து சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. பயணத்தில் குறையில்லை. உன் கையில் அந்தப் படை போய்விட்டதா? சோப்பை மாற்று.

இருபத்து மூன்று நாள் ஒரே வீட்டில் இருந்தோம். "அந்த வாளி", "டயாலிசிஸ் வண்டி வந்தாச்சு" என்பதைத் தவிர உன்னிடம் ஒன்றும் பேசவில்லை. அம்மா உயிர் போன காலையிலும் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்று துடைத்தோம். நீ நன்றாகத் துடைத்தாய். மடிப்புகளை விடவில்லை. வேலை தெரிந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

கதவைச் சாத்திக்கொண்டு அம்மாவும் நானும் பேசியது உனக்குத் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் உள்ளே போனதும் அவள் "வாம்மா" என்று சொல்லவில்லை. "வாத்தி சொல்லிட்டானா?" என்று கேட்டாள். சொன்னான் என்றேன். "அதானே. அவன் சொல்லாம நீ வரமாட்டேன்னு தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏம்மா சும்மா இருந்த? மாடி வீட்டுக்காரங்களை வச்சாவது ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?" என்று சத்தம் போட்டேன்.

"அவனை வெளிய இழுத்துப் போட்டா வெக்கத்துல ஓடிருப்பான். அப்புறம் என்னை யாரு கழுவுறது? தப்புப் பண்ண கை, கழுவட்டும்னு விட்டேன். நானும் லேபிளைப் படிக்கலையேடி. முப்பது வருஷம் சட்டைக் காலரைத் திருப்பித் திருப்பி லேபிள் பாத்தவ, வாயில போடுறதோட லேபிளைப் பாக்கல. அவன் எழுத்து அவ்வளவு அழகா இருந்துச்சு."

பிறகு, "ஆனா உன்னை அலைய விட்டான் பாரு, அது ரிஜெக்ட். அதுக்கு நான் பாஸ் போட மாட்டேன். நீயும் உடனே போட்டுறாத" என்றாள்.

அதனால் போடவில்லை. மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதுவேன் என எதிர்பார்த்து இந்தத் தாளைத் திருப்பிப் பார்க்காதே. இப்போதைக்கு உன்மேல் எனக்கு இருப்பது அருவருப்புதான். ஆனால் அருவருப்பை வைத்துக்கொண்டே ஒரு ஆளைக் கைவிடாமல் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியும். அதுதான் என் பிழைப்பு. ஆகவே எழுதுவேன், நீயும் எழுது.

மூன்றாம் அறைப் பெரியம்மாவுக்கு நேற்று மாத்திரை கொடுத்தேன். ஒரு முறைதான் எண்ணினேன்.

ஒரு வேலை சொல்கிறேன், செய். நம் கடிதங்களை எல்லாம் சேர்த்து அச்சில் போடு. ஊருக்கெல்லாம் உதாரணம் சொல்லுவாயே, இதையும் சொல். என் கடிதங்களில் நான் அழுததையும் நீக்காதே.

அம்மாவின் நீலச் சாக்கு கட்டிலடியில் உருண்டு கிடந்தது. உன் மேசை டிராயரில் வைத்திருக்கிறேன். அந்தப் பலகையைத் திரும்ப எழுது. இருந்தபடியே.

கடுகு

எழுதினேன். ஞாபகத்திலிருந்து, ஆறு கட்டம், எட்டு மாத்திரை. நீலச் சாக்கால் இருபத்து நாலு நாளுக்கும் டிக் போட்டேன். கடைசி டிக்கைக் கோணலாக, கட்டத்துக்கு வெளியே. மேலே குறுக்காக ஒரு கோடு. சமையலறைக் கதவிலேயே மாட்டியிருக்கிறேன். மாடி வீட்டு அக்கா வந்து, "இது என்ன சார், அடிச்சு வச்சிருக்கீங்க?" என்று கேட்டார். உட்கார வைத்துச் சொன்னேன். அதன் பிறகு அவர் என்னைப் புகழ்வதில்லை.

நீங்கள் எழுந்து, வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டை, பாட்டில் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி, ஒவ்வொன்றாகத் திருப்பி, சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை வாய்விட்டுப் படியுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அந்த இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டு இன்றைக்கே டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.